ஹெல்மி அம்மாவும் நூற்றெட்டுச் சுற்றும்

செய்தி வந்தபோது கோயில் மடப்பள்ளியில் இருந்தவர்கள் மூவர்: நான், பவளமக்கா, குருக்கள் ஐயா. தொலைபேசியை வைத்துவிட்டு ஐயா சொன்னார்: "ஹெல்மி அம்மா விடிய மோசம் போயிட்டாவாம்." பவளமக்கா அழுதார். எனக்கு முதலில் வந்தது, இனி அவர் என்னை முந்தமாட்டார் என்ற நினைப்பு. முருகன் மன்னிக்கட்டும். ஞாயிறு நினைவுக்கூட்டத்தில், அவரை முந்தியவள் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறது நிர்வாக சபை. அதற்கு முன் இதை எழுதியாக வேண்டும்.

லண்டன் லூயிஷாமில் என் பக்கத்து வீட்டில் இருந்த பின்லாந்துக்காரர் அவர். தகப்பனார் ஒலிம்பிக்கின் ஆரம்ப காலத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் வென்ற வீரர். குளிர்காலத்திலும் ஹெல்மி அம்மாவின் முழங்காலுக்கு நடை வேண்டும் என்று டொக்டர் சொன்னதால், கூரைக்குள்ளேயே சுற்றிவரக்கூடிய கோயில் உள்வீதியை நான்தான் காட்டினேன். காட்டியது நான், புகழ் அவருக்கு. எண்பத்துநான்கு வயதிலும் முதற் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் ஒரே வேகம். "அப்பா பக்கத்தில் ஓடுகிறவரைப் பார்க்கமாட்டார். பார்த்தால் அவருடைய மூச்சு நமக்குத் தொற்றிவிடும் என்பார்" என்று சொல்வார்.

"பிள்ளை, அவவைப் பாத்து நட. எண்ணெய்க்குடம் தூக்கின மாதிரியெல்லோ நடக்கிறா. நீ பஸ்ஸுக்கு ஓடுறாய்" என்றார் பவளமக்கா. இருபது வருடம் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தவளிடம் சொல்கிற கதையா இது?

ஆடிக் கடைசி வெள்ளியில் நூற்றெட்டுச் சுற்று. சுற்றுக்கொரு கடலை தட்டில் போடவேண்டும். முதலில் முடிப்பவரின் பெயர் பலகையில் ஏறும். எழுபதாவது சுற்றில் அவர் என்னைக் கடந்து போனார், சிரித்துக்கொண்டே. கடைக் கணக்குத் துண்டை இரண்டு முறை கூட்டிப் பார்க்கிற நான், அதன்பிறகு மூன்று தடவை இரண்டு கடலையை ஒன்றாகப் போட்டேன்.

என் தட்டில் முதலில் நூற்றெட்டு நிறைந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மிச்சத்தை அதே நடையில் முடித்துவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். காதருகே சொன்னார்: "இன்றைக்குக் கால் வலிக்கும். மிச்சம் மூன்றையும் நாளைக்கு நடப்போம்."

நான் அந்தக் கிழமை முழுவதும் கோயில் பக்கம் போகவில்லை. அவர் ஒருவரிடமும் சொல்லவுமில்லை. கண்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது. அவருக்கு எப்படி ஏலுமாயிருந்தது என்று இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.

நேற்று தனியாகப் போய் மூன்று சுற்றும் நடந்து முடித்தேன். முந்துவதற்கு ஆள் இல்லாததால் கால் தானாகவே அவர் நடையைப் பிடித்தது. அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த நடை மட்டும்தான்.

நிர்வாக சபையினரே, பலகையில் என் பெயரை அழித்து அவர் பெயரை எழுதுங்கள். அதன்பிறகு வேண்டுமானால் பேசுகிறேன். எழுதுவீர்களா என்று வெள்ளிக்கிழமைக்குள் அறியத்தாருங்கள்.