நாளைக்கு ஆள் அனுப்புறேன்

பிள்ளைகளே, உங்கள் அப்பா பல்கலைக்கழகத்தில் வாத்தியாரான கதையை அம்மா சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முழுவதும் தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் நான் மலாக்காவில் காஜா பேராங் வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர். சைக்கிள் சின்னத்தில் நின்று ஜெயித்தவன். தெருவிளக்கு, குப்பை வண்டி, தண்ணீர் ஓடாமல் அடைத்துக்கொள்ளும் லோங்காங் சாக்கடை, இவைதான் என் அரசியல். யார் என்ன குறை சொன்னாலும், "நாளைக்கு ஆள் அனுப்புறேன்" என்பேன். சில நாள் அனுப்பியும் இருக்கிறேன்.

அப்போது கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தில், தமிழ் தெரியாத மாணவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். பட்டம் வேண்டாம், வாய் வேண்டும் என்றார்கள். நான் படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. வாய்க்குக் குறைவில்லை. ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், பேராசிரியருக்குப் பிடித்தால் வேலை என்று கடிதம் வந்தது. வந்த சந்தோஷத்தில் நேராகப் போய் நகரசபைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன்.

"இன்னும் வேலையே கெடைக்கல," என்றாள் உங்கள் அம்மா. "அந்த நாற்காலியும் போயி, இந்த நாற்காலியும் இல்லன்னா எதுல உக்காருவீங்க?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் மலாய்க்காரர்களும் சீனர்களுமாக. கடைசி வரிசையில் பேராசிரியர். கூட்டத்தைக் கண்டதும் எனக்கு மேடை நினைப்பு வந்துவிட்டது. "அவைத் தலைவர் அவர்களே," என்று வாய் தானாகத் திறந்துகொண்டது. பெரியோர்களே, தாய்மார்களே, வாலிபத் தோழர்களே என்று பத்து நிமிடம் விளித்தேன். மாலை போட யாராவது வருகிறார்களா என்று வாசலைக்கூடப் பார்த்தேன். மாணவர்கள் பயபக்தியோடு அத்தனையையும் எழுதிக்கொண்டார்கள். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பெண் கை தூக்கினாள். நம் காஜா பேராங் செட்டி வீட்டுப் பெண். தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் ஊறிய குடும்பம்; பெயர் தமிழ், வீட்டில் பேச்சு மலாய். "துவான், எங்கள் வீட்டுக்குப் பின்னால் லோங்காங் இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது," என்றாள் மலாயில்.

"நாளைக்கு ஆள் அனுப்புறேன்," என்றேன் தமிழில், யோசிக்காமல்.

"அப்படியென்றால்?"

அதைப் பலகையில் எழுதினேன். அதற்கு மேலே அவளுடைய குறையையும் தமிழில் எழுதினேன். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் குறை சொல்ல, ஒருவர் நகரசபை உறுப்பினராக நின்று பதில் சொல்லச் சொன்னேன். கால் மணி நேரத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. சீனப் பையன் ஒருவன், நான் சொல்லிக்கொடுத்தபடியே, "நேத்தும் இதான் சொன்னீங்க, ஐயா," என்று மேசையைத் தட்டினான். பேராசிரியரே எழுந்துவந்து, "என் தெருவில விளக்கு எரியல," என்றார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: நாளைக்கு ஆள் அனுப்புறோம்.

"திங்கட்கிழமை வந்துடுங்க," என்றார் பேராசிரியர், சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவைத் தலைவரை மட்டும் வீட்டுல விட்டுட்டு வாங்க."

வெளியே போகும்போது அந்தப் பெண் சொற்களை விரல்விட்டு எண்ணி, "ஐயா... நாளைக்கு... ஆள்?" என்றாள். அவள் தானாகப் பேசிய முதல் தமிழ்.

பஸ் முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து இருக்கைச் சீனப் பெரியவருக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். வழியில் தம்பின் ஊரைத் தாண்டும்போதுதான் உறைத்தது. ராஜினாமா செய்துவிட்டவனிடம் அனுப்ப ஆள் ஏது?

மலாக்காவில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நேராக அந்தப் பெண் வீட்டின் பின்பக்கம் போனேன். சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். கழுத்து டையைச் சட்டைப் பைக்குள் திணித்தேன். லோங்காங்கில் இறங்கி, குறுக்கே கிடந்த தென்னை மட்டையை இழுத்துப் போட்டு, சேற்றைக் கையால் வாரினேன். தண்ணீர் மெல்ல அசைந்து ஓடத் தொடங்கியது. அது மூலை திரும்பும்வரை பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.