முன்னே துருன், பின்னே டாரா

எங்கள் சமையலறை நாள்காட்டியில் எல்லாவற்றுக்கும் ஒரு குறி உண்டு. சமையல் கேஸ் மாற்றிய நாளுக்கு முக்கோணம், காடிக்கு, அதாவது காருக்கு, எண்ணெய் மாற்றிய நாளுக்குச் சதுரம், என் மாதவிடாய்க்குச் சிவப்புப் புள்ளி. விருந்தினர் கேட்டால் புள்ளி விரத நாள் என்று கணவர் சொல்லி வைத்திருந்தார். அதே குறிகள் என் கைப்பையிலுள்ள சின்ன டைரியிலும் இருக்கும்.

ஐம்பத்திரண்டு வயதில் புள்ளிகள் தாறுமாறாகி, பிறகு நின்றே போயின. புள்ளி இல்லாமல் சரியாகப் பன்னிரண்டு மாதம் முடிந்த அன்று கேசரி கிண்டினேன். காரணத்தைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, தனக்கு நின்று ஏழு வருடம் ஆகிறது, யாரும் கேசரி தரவில்லை என்று சொல்லி இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உள்ளாடையில் ஐந்து காசு அளவுக்கு ஒரு கறை. முதலில் பீட்ரூட்டைச் சந்தேகித்தேன். டைரியைப் பார்த்தேன், முந்தைய நாள் சமைத்தது கங்கோங் கீரை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவிடம் சொன்னேன். "உடம்புச் சூடு லா. இளநி குடி, வெந்தயம் ஊற வெச்சுச் சாப்பிடு. வர்றதுதான்," என்றார். இரண்டு நாள் குடித்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் கறை.

எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் என் சித்தி. தோட்டத்து லயத்தில் இருந்தபோது அவரும் சூடு என்றே ஒன்றரை வருடம் இளநீர் குடித்தார். கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

கணவர் காடியை எடுத்தார். எங்கள் பாக்கார் ஆராங் குடியிருப்பிலிருந்து கிளினிக் பத்து நிமிடம். அவர் ஓட்டினால் பதினேழு. கவுண்டரில் எனக்குப் பின்னால் நான்கு ஆண்கள் நின்றார்கள். குரலைத் தாழ்த்தி, அங்கிருந்த நர்ஸிடம் மலாயில், "டாரா துருன், மிஸ்ஸி," என்றேன். மிஸ்ஸி உடனே என்னை உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். இறங்கவே இல்லையே, ஏறித்தானே இருக்கிறது என்றார். உப்பைக் குறைக்கச் சொல்லும் ஒரு தாளைக் கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கணவர்.

"உப்பைக் குறைக்கணுமாம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் சரியாகக் கேட்கும் கேள்விகளை நான் டைரியில் குறிப்பதுண்டு. அந்த வருடத்தில் இது இரண்டாவது.

திரும்பிப் போய், வாய் திறக்காமல், டைரியின் சிவப்புப் புள்ளிகளை மிஸ்ஸியிடம் காட்டினேன். "ஓ, துருன் டாரா!" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. பின்னால் நின்ற நால்வரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தமிழில் டாரா, அதாவது ரத்தம், முன்னே வரும், இறங்கும் துருன் பின்னே; மலாயில் நேர்மாறு. தமிழ் வரிசையிலேயே நான் சொன்னதால் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

டாக்டர் இளம் வயதுத் தமிழ்ப் பெண். கடைசிப் புள்ளி எப்போது வந்தது என்று கேட்டார், கிழமையோடு சொன்னேன். ஹார்மோன் மாத்திரை, ஜாமு மூலிகை மருந்து, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது உண்டா என்று விசாரித்தார். எதுவும் இல்லை. கர்ப்பப்பையின் உள்சுவர் மெலிந்து வறண்டு போவதாலும் வரலாம், தடித்துப்போவதாலும் வரலாம், சின்னச் சதை வளர்ச்சியாலும் வரலாம். பலருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, சிலருக்குப் புற்றுநோயாக இருக்கும் என்றார்.

"ஒரு வருசம் நின்ன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் பார்த்துடணும், ஆண்ட்டி. எதுன்னு வீட்டுல உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது."

மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ தலை சுற்றினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களும், இடையில் ரத்தம் பட்டாலோ கணவரோடு இருந்த பிறகு பட்டாலோ வந்து காட்ட வேண்டும் என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, உள்ளே இருந்த ஒரு சதை வளர்ச்சியை அகற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நாள்காட்டியில் நான் எதையும் குறிக்கவில்லை. நடுவில் கேஸ் தீர்ந்தது. அதற்கும் முக்கோணம் போடவில்லை.

தீங்கில்லாத வளர்ச்சிதான் என்று முடிவு வந்தது. மறுநாள் காலை கேசரி கிண்டி, அக்காவைக் கூப்பிட்டேன். நடந்ததையெல்லாம், உப்புத் தாள் வரை, சொன்னேன். மின்விசிறி கட்டத்தில் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. முதல் கிண்ணமே பாதியில் நின்றது.

"அந்த மலாய் வார்த்தை," என்றார். "எது முன்னால வரணும்னு சொன்ன?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எத்தனை நாளாக்கா?"

"தீபாவளிக்கு முன்ன இருந்து. சூடுதான்னு இருந்துட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டுக் காடிச் சாவியை எடுத்தேன்.

"துருன்தான் முன்னாலக்கா," என்றேன். "போற வழியில சொல்லிப் பழகிக்கலாம், வாங்க."