டார்ச் அணைந்த சுரங்கம்

இதைச் சொன்னால் என் தம்பியே சிரிக்கிறான். சிரிக்கட்டும். அந்தச் சுரங்கத்துக்குள் நின்றவள் நான், அவன் இல்லை. நேரம்கூட மறக்கவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு உள்ளே நுழைந்தோம்.

நானும் ஆர்டித்தும் விஸ்கான்சினில் ஒரே பள்ளிக்குப் பேருந்து ஓட்டுகிறவர்கள். பத்தொன்பது வருடச் சிநேகிதம். என் விவாகரத்தின்போது மூன்று மாதம் அவள் வீட்டில்தான் படுத்துக் கிடந்தேன். அவள் எதைச் சொன்னாலும் நம்புவேன்.

"பழைய ரயில் பாதையில சைக்கிள் விடலாம் வாடி. நானும் இதுவரைக்கும் போனதில்ல," என்றாள். முதலில் அவள் காரைப் பாதை முடியும் ஊரில் விட்டோம். பிறகு என் காரில் ஆரம்பத்துக்கு வந்து சைக்கிளை எடுத்தோம்.

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பொடிச் சரளை போட்ட பாதை. இருபுறமும் சிவந்த மேப்பிள் மரங்கள். வழியில் ஒரு பண்ணைக் கடையில் சீஸ் வாங்கிக் கொறித்தோம். படம் எடுத்து எடுத்தே என் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது.

பிறகு சுரங்கம் வந்தது. முக்கால் மைல் நீளம். உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவில் வளைவு, அதனால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியாது. நான் தயங்கினேன்.

"பனிக்கட்டி ரோட்டுல நாப்பது புள்ளைங்கள ஏத்திட்டுப் போறவ, இருட்டுக்குப் பயப்படுறியா மார்லா?" என்று சிரித்தாள். "டார்ச் எங்கிட்ட இருக்கு. நீ பின்னாடியே வா."

உள்ளே குளிர். கூரையிலிருந்து நீர் சொட்டியது. தள்ளும்போது பின்சக்கரம் டிக்... டிக்... என்று சத்தம் போடுமே, அதுதான் கேட்டது. முன்னால் அவளுடையது. அடுத்து என்னுடையது.

அப்புறம், எனக்குப் பின்னால் ஒன்று.

யாரோ வருகிறார்கள் என்று ஒதுங்கினேன். திரும்பிப் பார்த்தேன். கும்மிருட்டு. விளக்கில்லாமல் யார் வருவார்கள்?

"ஆர்டித்... பின்னால யாரோ..."

முன்னால் டார்ச் அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பவே இல்லை.

அணைந்தது.

"ஆர்டித்!"

அவள் காலடிச் சத்தம் ஓடியது. என்னை விட்டு. வேகமாக.

என் கைக்கடிகார முள் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. மூன்று ஐம்பத்திரண்டு.

நான் அசையவில்லை. என் சக்கரமும் அசையவில்லை.

டிக்...

டிக்...

பக்கத்தில் வந்து நின்றது.

காதில் ஈர மூச்சு.

"எனக்கும் இதேதான் பண்ணா."

பெண் குரல். அழுத குரல்.

சைக்கிளைப் போட்டுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே ஓடினேன்...

வெளியே வந்தபோது நாலு பதினெட்டு. உள்ளங்கை முழுக்க ரத்தம். கொஞ்ச தூரத்தில் பழைய ரயில் ஸ்டேஷன், இப்போது காபிக் கடை. ஆர்டித்தின் கார் நின்ற இடம் காலி.

கடைக்காரர் டெல்பர்ட் என் கையைப் பார்த்துவிட்டு ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். இங்கே நின்ற கார் எங்கே என்று கேட்டேன்.

"அந்தம்மா அப்பவே கிளம்பிடுச்சே. கூட யாரும் வரலியான்னு கேட்டேன். தனியாத்தான் வந்தேன்னுச்சு."

தனியாக! சுரங்கத்தில் வராத அழுகை அப்போது வந்தது.

அவர் தயங்கினார். "ரெண்டு வருஷம் முன்னாடியும் அதையேதான் சொல்லுச்சு. மறுநாள் காலைலதான் அதோட தங்கச்சிய உள்ள இருந்து எடுத்தாங்க. ஆஸ்துமாவாம்."

தங்கை ஆஸ்பத்திரியில் இறந்ததாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். அடக்கத்தின்போது ஆர்டித்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான்.

தம்பி வந்து கூட்டிப்போனான். உள்ளே கேட்ட குரலைப் பற்றி அதுவரை ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

இரவு எட்டு பத்துக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஆர்டித். மன்னிப்பு இல்லை. வந்து சேர்ந்தாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"மார்லா... அவ என்னப் பத்தி என்ன சொன்னா?"