மில்லுக்குப் பின்னால் ஒரு குன்று

என் சகலைக்குப் பாக்குத் தோட்டம் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது, தலையில் முடியும் இருக்கிறது. இதற்கெல்லாம் நான் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. அவன் கையில் ஒரு பழைய தபால் அட்டையைப் பார்த்த அன்றைக்குத்தான் வயிறு எரிந்தது.

நான் யுத்தகாலத் தபால் அட்டைகளைச் சேர்ப்பவன். போர்ட் பிளேரில் சாத்தம் மரமில்லில் முப்பது வருஷம் மரம் அளந்து ஓய்வு பெற்றவனுக்கு இது என்ன பைத்தியம் என்று லம்பா லைனில் எங்கள் தெருவே கேட்டாயிற்று. மெயின்லேண்ட் போகும்போதெல்லாம் பழைய தாள் விற்கிற கடைகளில்தான் என் லீவு கழிந்தது. அப்படிச் சேர்ந்தவை நாற்பது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் ஜப்பான் சிப்பாய், பனிமலை, சீறிப்பாயும் விமானம், எதிர்ப்பக்கத்தார் அச்சடித்த கேலிச் சித்திரங்கள். யுத்தத்தில் ஒவ்வொரு அரசாங்கமும் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் ஒன்றில்கூட எங்கள் தீவு இல்லை. ஜப்பான்காரர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்த இடம் இது. அந்த மூன்று வருஷத்தின் ஒரு துண்டுகூட என் ஆல்பத்தில் கிடையாது என்பது எனக்குத் தீராத குறை.

சகலை என் மனைவியின் தங்கை கணவன். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ரப்பர் வெட்டிய குடும்பம். அவன் மட்டும் பெரார்கஞ்சில் நிலம் வாங்கிப் பாக்கு வைத்தான். பழைய மரவீடு ஒன்றைப் பலகைக்காகப் பிரித்தபோது, இரண்டு சுவர்ப் பலகைகளுக்கு நடுவே அந்த அட்டை இருந்ததாம். அதைக் கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றில் கற்பூரத்தோடு போட்டு எடுத்து வந்து என் முன்னால் வைத்தான்.

ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து அச்சடித்த ராணுவ அட்டை. முகவரி எழுதவில்லை. மறுபக்கம் மசியில் கையால் வரைந்த படம். எங்கள் மரமில். மூன்று படியாக இறங்கும் கூரை, வலப்பக்கம் படகு அணையும் ஜெட்டி, தண்ணீரில் மிதக்கும் கட்டைகள், ஒரு கட்டையின் மேல் கோலோடு நிற்கும் ஒற்றை ஆள். பின்னால் ஒரு குன்று. அந்தக் காலத்தில் இங்கே ஜப்பான்காரர்களிடம் வதைபட்டவர்களின் பிள்ளைகள் இதை அழகு என்று சொல்லக் கூசுவார்கள். எனக்கும் கூசியது. ஆனால் வரைந்தவன் யாருடைய உத்தரவுக்காகவும் வரையவில்லை. ஒரு பகல்பொழுது கண்ணில் பட்டதை வரைந்திருக்கிறான். நான் நாற்பது அட்டைகளில் தேடியது அதுதான். தேடாதவன் கைக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது.

அப்போது எங்கள் பகுதிப் பள்ளியில் யுத்தகால அட்டைக் கண்காட்சி ஒன்று ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. நடத்தியவர் ஒரு வங்காளத்து டீச்சர். என் நாற்பதையும் வைப்பதாகப் பேச்சு. சகலையின் அட்டையைப் பார்த்ததும் டீச்சர் அதை நடுமேஜையில் வைக்கலாம் என்றார். உண்மையானதுதானா, நக்லியா என்று பார்த்துச் சொல்லும்படி இந்தியில் என்னிடம் கேட்டார்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிறகு சகலையிடம் சொன்னேன்.

"தம்பி, மில்லுக்குப் பின்னால ஏது குன்று? பின்னால கடல்தான். ஜெட்டியும் பக்கம் மாறிக் கெடக்கு. முப்பது வருஷம் நின்ன எனக்குத் தெரியாதா? எவனோ டூரிஸ்ட்டுக்கு விக்க வரஞ்ச நக்லி."

பொய் சொன்னேனா என்றால், இல்லை. நம்பித்தான் சொன்னேன். நம்ப ஆசைப்பட்டேன் என்பது இன்னும் சரி. அதையே இந்தியில் கேட்ட டீச்சர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். சகலை அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டீக் ஹை, நக்லி என்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கையில் கொடுத்துவிட்டான். நான் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு ஆல்பத்தில் செருகினேன்.

"நக்லிக்கா மொதப் பக்கம்?" என்றாள் மனைவி. நான் ஆல்பத்தை மூடி அலமாரியில் வைத்தேன்.

அடுத்த வாரம் பெரார்கஞ்சில் சகலை கட்டிய புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். நான் எப்போதும் பஸ்ஸில்தான் போவேன். தீவில் பிழைத்துக்கொண்டு படகு ஒத்துக்கொள்ளாத ஜென்மம் நான். தப்பித்தவறிப் படகில் ஏறினாலும் உள்ளே உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மோந்தபடி கண்ணை மூடிக்கொள்வேன். மில் இருக்கும் குட்டித் தீவுக்கும் வேலைக் காலம் முழுக்கப் பாலத்தின் வழியாகத்தான் போய் வந்தேன். அன்றைக்கு மழையில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. சாத்தத்திலிருந்து பாம்பூஃபிளாட்டுக்குப் படகு ஏற வேண்டியதாயிற்று. உள்ளே இடமில்லை. ஸ்கூட்டர்களுக்கு நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி நின்றேன்.

படகு நகர்ந்து பாதி தூரம் போனபோது திரும்பிப் பார்த்தேன். மூன்று படியாக இறங்கும் கூரை. வலப்பக்கம் ஜெட்டி. மில்லுக்குப் பின்னால் குன்று, போர்ட் பிளேர் ஊர்க்குன்று, வீடுகளோடு நின்றது. அட்டையை வரைந்தவன் கடலிலிருந்து பார்த்திருக்கிறான். நான் முப்பது வருஷம் கடலைப் பார்த்து நின்றிருக்கிறேன். எலுமிச்சம்பழம் கையில் இருந்தும் குமட்டியது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அட்டை என்னிடம் இருக்கிறது, நக்லி என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள், ஒரு வருஷம் கழித்து நானே அதை அசல் என்று கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். கரை வருவதற்குள் இவ்வளவும் யோசித்து முடித்திருந்தேன். ஆனால் பந்தியில் அவனே எனக்குப் பாயசம் ஊற்றியபோது தாங்கவில்லை. கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், அட்டை அசல்தான், தப்பு என்னுடையது, டீச்சரிடமும் நானே சொல்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ணே. வாரத்துக்கு மூணு தடவ பாக்கு மூட்டையோட அந்த போட்லதானே போறேன். அந்தக் குன்றப் பாக்காத நாளு இல்ல. நீங்க அந்த அட்டையப் பாத்த பார்வையப் பாத்தேன். அதான் குடுத்துட்டேன்."

தப்பை ஒப்புக்கொண்டு பெரிய மனுஷனாகிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்திருந்தேன். அதிலும் அவன் எனக்கு முன்னால் போய் நின்றிருந்தான். ஒரு வாரமாக என் லட்சணம் தெரிந்திருந்தும், பாயசம் ஊற்றியிருக்கிறான். அட்டையைப் பார்த்த அன்றுகூட எனக்கு அப்படி எரியவில்லை.

கண்காட்சியில் அது நடுமேஜையில் இருந்தது. என் நாற்பதும் சுவரோரம். கூட்டம் நடுமேஜையை விட்டு நகரவில்லை. அட்டையின் கீழே சகலையின் பெயரைத் தமிழில் எழுதிவைக்க டீச்சருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் எழுதினேன். மரத்தில் எண் எழுதிப் பழகிய கை, எழுத்து திருத்தமாக விழுந்தது. சகலை குனிந்து படித்துவிட்டு, தன் பெயர் இவ்வளவு அழகாக இருந்து பார்த்ததே இல்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.