பருப்பளவு முகம்

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு காட்டுப்பாக்கம் போய் ஏழு மாதம். கலியாணத்துக்கு நான் போகவில்லை. இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று கத்திவிட்டு, மறுநாள் காலையிலேயே போனில் அவள் முகத்தில்தான் முழித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீடு திரும்ப நேரமானால் எங்கே வருகிறாள் என்று தெரிய வேண்டுமென நான்தான் நச்சரித்து லொகேஷன் ஷேர் பண்ண வைத்தேன். அதை நிறுத்த மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மேப்பில் துவரம்பருப்பு அளவு வட்டத்துக்குள் அவள் முகம். அம்பத்தூரில் உட்கார்ந்து, மனைவிக்குத் தெரியாமல், தினமும் அதைத் தேடுவேன். ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிப் பூசைக்கே உலுக்கி எழுப்ப வேண்டியவள், அங்கே சர்ச்சில் ஆறு மணிப் பூசைக்குப் போனாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

போன சனிக்கிழமை வட்டம் அசையவே இல்லை. பதறிப்போய் தெருமுனை செல்போன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்துச் சரிசெய்தார்.

“உன் போன்ல நெட்டு கட்டாயிட்ச்சு சார், வேற ஒண்ணியும் இல்ல. யாரு, பொண்ணா?”

“ஆமா. ஆஃப் பண்ண மறந்துட்டா.”

“மறக்குறதா? மாசாமாசம் அதுக்கு மெயில் போவும் சார். இன்னார் உன்னப் பாத்துகினு கீறாருன்னு சொல்லும். வேணாம்னா ஒரு தட்டு தட்டுனா போதும். பொண்ணு தட்டல, அவ்ளோதான்.”

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதமாக நான் ஒளிந்து பார்ப்பதைத் தெரிந்தே பார்க்க விட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது. என் லொகேஷனை அவளுக்கு ஷேர் பண்ணித் தரச் சொல்லி, வெளியே வந்து காட்டுப்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

வானகரத்தில் வண்டிகள் நகரவில்லை. மேப்பைத் திறந்தேன். பருப்பளவு முகம் வீட்டை விட்டுக் கிளம்பி, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில். குடை எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

“இன்னா அண்ணாத்தே, அவசரமா?” என்றார் ஆட்டோக்காரர்.

“கொஞ்சம் சீக்கிரம் போப்பா. எம் பொண்ணு வெயில்ல நின்னுகினு கீது.”