கைப்பையில் இருந்த மாத்திரை

என் கணவரின் உடம்பை விறைக்க வைத்தவள் நான். நோய் அல்ல... நான்!

நீங்கள் என் சம்பந்தி வீட்டுக்கு உறவில்லை என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். மதுரையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி வந்தோம். வேளை தவறாமல் மாத்திரை கொடுக்க வேண்டும், திடீரென நிறுத்தவே கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். ஆனால் இராஜபாளையத்தில், அவர் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில்கூட, கை நடுக்கத்தை அசதி என்றே சொல்லி வைத்திருந்தேன். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் நோயின் பெயரை யார் சொல்வார்கள்?

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அவர் வழுக்கி விழுந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வார்டில் நர்ஸாக நின்றது யார் தெரியுமா? மாப்பிள்ளையின் சின்னம்மா!

"மதினி, அண்ணனுக்கு வழக்கமா மாத்திரை ஏதும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல மதினி. அவியளுக்கு வெறும் அசதிதான்."

மாத்திரைகள் என் கைப்பையில் இருந்தன. ஒளித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்... வேலை நேரம் முடிந்தும் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. அத்தனை பாசம்! முதல் நாள் மாலையே அவருக்குப் பேச்சு எழவில்லை; இரண்டு நாள் அப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் அவர் கட்டையாய்க் கிடந்தார். காய்ச்சல். தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. செத்துவிடுவாரோ என்று மதுரைக்குக் கொண்டு ஓடினேன்.

அந்த நரம்பியல் பிரிவில் முதல் கேள்வியே, "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?"

"ரெண்டு நாளா கொடுக்க மறந்துட்டேன்" என்றேன். அங்கேயும் பொய்!

மூக்குக் குழாய் வழியே, மணி பார்த்து மருந்து கொடுத்தார்கள். விழுங்கப் பழக்க ஒருவர், நடக்கப் பழக்க ஒருவர், குரலுக்கு ஒருவர். மூன்றாம் வாரம் எழுந்து நடந்தார். இப்போதுதான் நோய் தெரிந்தது என்று சம்பந்தி வீட்டில் சொன்னேன். "அதுக்கென்ன மதினி, வைத்தியம் இருக்குல்ல" என்றாள் சின்னம்மா. தள்ளிப்போன நிச்சயமும் கல்யாணமும் நடந்தன. இதற்காகவா... இதற்காகவா அவரைக் கொல்லப் பார்த்தேன்?

மதுரையிலிருந்து ஊர் திரும்பிய அன்றே மருத்துவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "உடம்புதாம்மா பூட்டிக்கிச்சு. அறிவு தெளிவாத்தான் இருந்திருக்கும். நீங்க பேசினதெல்லாம் கேட்டிருப்பார்."

அவர் இதுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முணுமுணுப்புக்கு மேல் குரல் எழவில்லை. தினமும் காலையில் குரல் பயிற்சி செய்கிறார். நேற்றுதான் முதல்முறையாக அந்தச் சத்தம் தெருவரை போயிற்று. விருந்துக்கு வந்திருந்த மகள் கைதட்டினாள்.

"இன்னும் சத்தமா பேசுங்கப்பா!"

அவர் தலையை மெல்லத் திருப்பி, என்னைப் பார்த்தார்.