பல் டாக்டர் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி

முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கூடத்து மீன்தொட்டிக்குள் கையை விட்டுக் கல் மாற்றுவார் பல் டாக்டர். உள்ளே இருப்பவை ஆப்பிரிக்க ஏரி மீன்கள். சிக்லிட் என்று பெயர். நிறத்தில் பூ, குணத்தில் பங்காளி. ஆளுக்கொரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்ப்பவனையெல்லாம் கடிக்கும்.

"கல்லை மாத்தி வெச்சுட்டா பழைய பட்டா செல்லாது. எல்லாரும் புதுசா இடம் தேடணும். சண்டை போட நேரம் ஏது?" என்பார்.

கிளினிக்கில் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். வீட்டுக்கு வந்தால் கிசுகிசுப்புதான். காரணம், ஒரு மஞ்சள் பெண்மீன். சென்ற மாதம் அது முட்டைகளை வாய்க்குள் அடக்கிக்கொண்டது; அன்றோடு கல் மாற்றுவதும் நின்றது. இந்த இனத்தில் தாயின் வாய்தான் தொட்டில். குஞ்சுகள் தேறும்வரை அவளுக்கு ஆகாரம் கிடையாது. மிரண்டால் துப்பிவிடுவாள், இல்லையென்றால் விழுங்கிவிடுவாள்.

"இன்னைக்குக் குக்கர் வேண்டாமே. விசில் சத்தத்துக்குப் பயந்துடும்" என்று கெஞ்சினார்.

"சரி, அதோட சேர்ந்து நீங்களும் பட்டினி கிடங்க" என்றார் மனைவி. "நான் உண்டாகியிருந்தப்ப இப்படிப் பூனை நடை நடந்ததா ஞாபகமே இல்லையே!"

டாக்டர் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பவர்போல் அவசரமாகக் குனிந்துகொண்டார்.

நாலாவது வாரமும் மீன் வாயைத் திறக்கவில்லை. வயிறு ஒட்டிப்போயிற்று. வளர்ப்பு மீன் கடைக்காரருக்கு டாக்டர் போன் போட்டார்.

"நீங்களே வாயைத் திறந்து குஞ்சுகளை எடுத்துடுங்க டாக்டர். இல்லேன்னா தாய் தாங்காது. உங்களுக்கு இதென்ன புதுசா?"

புதுசுதான். பேச்சுக் கொடுத்தபடியே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடும் மனிதர், மூன்று தடவை கை கழுவிக்கொண்டு வந்தார். மனைவி ஈரக்கையில் மீனை ஏந்திக்கொள்ள, மழுங்கிய குச்சி நுனியால் அதன் கீழ்த்தாடையை மெல்லத் தாழ்த்தினார். "அவ்வளவுதாம்மா... வலிக்காதும்மா..."

முதலில் ஒன்று. பிறகு கொத்தாக, எள்ளை வாரி இறைத்தாற்போல் கிண்ணத்து நீரில் குஞ்சுகள் உதிர்ந்தன.

"அடியாத்தீ, இத்தனையா!" என்ற மனைவியின் குரலும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

தாயைத் தனித்தொட்டியில் விட்டு ஒரு சிட்டிகைத் தீனி தூவினார். அது வெகுநேரம் மூலையிலேயே நின்றது. பிறகு ஒரு துணுக்கைக் கவ்வியது. மனைவி ஆவலாகக் கிட்டே வந்தார்.

"தள்ளி நில்லு. பெத்தவ சாப்பிடுறா, கண்ணு பட்டுடும்."

தோளில் கிடந்த துண்டை உருவி, தொட்டிக்கும் மனைவிக்கும் நடுவே திரையாக விரித்துப் பிடித்தார். தன் தலையை மட்டும் துண்டுக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டார்.